கேள்வி கேட்காத காசு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தங்கை எழுதுகிறேன். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவர் விடியற்காலையில் எழுந்தார், யாரிடமும் கோபப்பட்டதில்லை, வந்தவருக்கெல்லாம் அமுது படைத்தார் என்று எழுதுவது வழக்கம். அக்கா ஏழு மணிக்கு முன்னால் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தவருக்குச் சோறு போட்டார், அது உண்மை. ஆனால் அவர் வைக்கும் ரசம் சுமார்தான், சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்று இருக்கிறது. வயது வந்த பெண்ணின் கையில் காசைக் கொடுத்துத் தனியாகக் கடைக்கு அனுப்புவதை அக்கா எப்படிச் செய்தார் என்பது. இதில் எழுத என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரரே கேட்டார். பொறுமையாகப் படியுங்கள் என்று அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது படப்பையில். எங்கள் அப்பா அங்கே கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். நேர்மையான மனிதர், தராசில் ஒரு கிராம் குறைக்க மாட்டார். பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. பென்சில் வேண்டுமா, அவரே வாங்கி வருவார். ரிப்பன் வேண்டுமா, அதுவும் வரும், நிறம் மட்டும் அவர் இஷ்டம். ஆனால் கையில் காசாகக் கொடுப்பது அவருக்குப் பழக்கமில்லை. கேட்டால் முதலில் வருகிற சொல், “எதுக்கு?” அதுவும் கடையில், கல்லாவில் உட்கார்ந்தபடி, பருப்பு நிறுக்கக் காத்திருப்பவர்கள் முன்னால், நல்ல கணீரென்ற குரலில்.

அக்கா பெரிய மனுஷி ஆன பிறகு மாதந்தோறும் அவருக்கு ஒரு பஞ்சுப் பொட்டலம் தேவைப்பட்டது. அது எங்கள் கடையில் கிடையாது, மருந்துக் கடையில்தான் கிடைக்கும். அம்மாவுக்குப் பழைய புடவைத் துணியே போதுமாக இருந்தது. அக்கா பள்ளிக்கூடம் போக வேண்டியவர், பேருந்தில் நின்றுகொண்டு போக வேண்டியவர். அம்மா கையிலும் காசு இருக்காது. ஆக, அப்பாவிடம் போய்த்தான் நிற்க வேண்டும். “எதுக்கு?” என்பார் அப்பா. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா, “ஜாமெட்ரி பாக்ஸ் தொலைஞ்சிடுச்சுப்பா” என்பார். அடுத்த மாதம் காம்பஸ் தொலையும். அதற்கடுத்த மாதம் நோட்டு நனைந்துவிடும். “இந்தப் பொண்ணுக்குப் பொருளோட அருமையே தெரியலயே” என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் சிலர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. விஷயம் இதுதான் என்று இனிமேல் தெரிந்துகொள்ளட்டும்.

படப்பையிலிருந்து அக்கா மருமகளாகப் போனது பீர்க்கன்கரணைக்கு. அக்கா வீட்டுக்காரரின், அதாவது எங்கள் மாமாவின், குடும்பம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையான பிறகு மாமா பைப், குழாய் சாமான் கடை வைத்தார். தங்கமான மனிதர். ஆனால் வியாபாரி. வீட்டில் உப்பு வாங்கினாலும் “பில்லு எங்க?” என்று கேட்பார். ஒரு வியாபாரியின் வீட்டிலிருந்து இன்னொரு வியாபாரியின் வீட்டுக்கே வந்திருக்கிறோம் என்று அக்காவுக்கு முதல் மாதமே புரிந்துவிட்டது. வாய்ச்சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு சண்டையை விட்டுவிட்டுத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மாமியார் படுக்கையில் இருந்த காலம் அது. காலையில் அவரைக் குளிப்பாட்டிக் கஞ்சி கொடுத்துவிட்டு ஓடுவார், மாலையில் ஓடி வருவார். அந்தச் சம்பளத்தில்தான் என் படிப்புக்கும் கை கொடுத்தார். நான் இன்று கூடுவாஞ்சேரியில் சொந்த வீட்டில் இருக்கிறேன் என்றால் அதில் அக்காவின் பங்கு இருக்கிறது.

அக்காவுக்கும் மாமாவுக்கும் பிறந்த ஒரே மகள் நிவேதா. அவளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்து முடிந்ததும் வீட்டில் மொய்க் கவர்கள் நிறைய மிஞ்சின, மேலே ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருக்குமே, அவைதான். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் அக்கா அதில் இரண்டை எடுத்து, இரண்டிலும் பணம் போட்டு மகள் கையில் கொடுத்தார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

“இந்தக் கவர்ல இருக்கறது பஸ்ஸு, நோட்டு, ஃப்ரெண்டு பர்த்டேக்கு கிஃப்ட்டு, எல்லாத்துக்கும். என்ன வாங்கினேன்னு எங்கிட்ட சொல்லணும். அந்தக் கவர்ல இருக்கறத என்ன பண்ணேன்னு நானும் கேக்க மாட்டேன், அப்பாவும் கேக்க மாட்டாரு” என்றார் அக்கா.

மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இன்னா, கேக்க மாட்டாரா? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்லுவாங்க.”

“அளந்துதாங்க போடறேன். போட்டப்புறம் ஆத்துல எறங்கித் தேட மாட்டேன், அவ்ளோதான்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் சாம்பார் தாளிக்கப் போய்விட்டேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுத்தவர் அல்ல. எவ்வளவு என்பதை மகளோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வார். கூட வேண்டுமென்றால் அவள் வாதாட வேண்டும். முடிவான பிறகு மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான், முன்பணம் கிடையாது, தோழிகளிடம் கைமாற்றும் கூடாது. அதே சமயம் அந்தக் கவரைத் தண்டனைக்குப் பிடித்து வைக்கவும் மாட்டார். ஒருமுறை நிவேதா கணக்கில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கி வந்தாள். “இந்த மாசம் கவர கட் பண்ணு” என்றார் மாமா. “கணக்குக்கு ட்யூஷன் வெக்கலாம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மார்க்கு கொறைஞ்சா அவளுக்குத் தேவையும் கொறைஞ்சிடுமா?” என்று கேட்டார் அக்கா. பள்ளி அலுவலகத்தில் இருந்து எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர். காசைக் காட்டி வளர்த்த பிள்ளை காசுக்குத்தான் பணியும் என்பது அவர் கட்சி.

முதன்முதலில் தனியாகக் கடைக்குப் போன கதையை நிவேதாவே நடித்துக் காட்டுவாள். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு அவளை அழைத்துப் போய், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஜூஸ் கடையில் அக்கா உட்கார்ந்துகொண்டார். “நீ போய் வாங்கிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்.” அவள் போய்ச் செருப்பு வாங்கி வந்தாள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் குதிகால் வெளியே நிற்கிறது. மறுநாள் அக்கா அதே ஜூஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு, “நீ வாங்கினது, நீயே போய் மாத்து” என்று அனுப்பினார். கடைக்காரர், “அம்மாவ இட்டுனு வா பாப்பா” என்றாராம். இவள், “எங்கம்மா அந்தக் கடைல ஜூஸ் குடிச்சினு கீறாங்க. வர மாட்டாங்க. நீங்க மாத்திக் குடுக்கற வரைக்கும் நானும் போவ மாட்டேன்” என்றாளாம். அவர் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்துவிட்டார். அக்கா இன்னொரு ஜூஸ் சொன்னார், மகளுக்கு. அதற்குக் காசு அவளுடைய கவரிலிருந்துதான்!

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை, மருந்து, தலைமுடி கொட்டியது எல்லாம் உங்களில் பலர் கூட இருந்து பார்த்தவை. அதை இங்கே விரிக்கவில்லை. வேலையை விட வேண்டியதாயிற்று. கவர் போடும் பொறுப்பு மாமாவிடம் போனது.

மாமா அதை நவீனப்படுத்தினார். நிவேதாவின் போனைத் தன் வங்கிக் கணக்கோடு இணைத்துவிட்டார். அவள் எங்கே எதை வாங்கினாலும் மாமாவின் போனுக்குச் செய்தி வரும், அவர் சரியென்று அழுத்தினால்தான் பணம் போகும். “பாதுகாப்பா கீது பாரு” என்று பெருமையோடு அக்காவிடம் காட்டினார். அக்கா படுத்தபடியே பார்த்துவிட்டு, “இது காசு குடுக்கறது இல்லீங்க, கயிறு கட்டி விடறது” என்றார். ஆனால் அதற்கு மேல் வாதாட அன்றைக்கு அவர் உடம்பில் தெம்பில்லை.

மாமாவின் போன் என்றால் அது கடையின் போன். எப்போதும் கல்லா மேஜையில் எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கும். ஒருநாள் மாலை அதில் செய்தி வந்தது. எதிரே நின்றிருந்த பிளம்பர் ஒருவர் எட்டிப் பார்த்து, “அண்ணா, உங்க பொண்ணு மெடிக்கல்ல காசு போடுது. உடம்புக்கு இன்னாவாம்?” என்றார். வீட்டில் ஒருத்தி நோயில் கிடக்கிறாள். ‘மெடிக்கல்’ என்ற சொல்லைக் கேட்டதுமே மாமா எழுதிக்கொண்டிருந்த பில்லை அப்படியே விட்டார். உடனே மகளுக்கு போன் போட்டார். பதற்றத்தில் அவருடைய குரல் எப்போதும் இரண்டு கடை தாண்டிக் கேட்கும். “மெடிக்கல்ல இன்னா வாங்குற? எதுக்கு? உடம்புக்கு இன்னா?”

அந்தப் பக்கம் மருந்துக் கடையில் வரிசை. பக்கத்தில் டியூஷன் பையன்கள். கடைக்காரர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, “பணம் வரலயே பாப்பா” என்கிறார். காதில் அப்பா, “சொல்லு, எதுக்கு?” என்கிறார். அவள் எதுவும் சொல்லாமல், எதுவும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் அப்போது அக்காவுக்குத் துணையாக அங்கே இருந்தேன். பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, “இனிமே எனக்கு யாரும் காசே தர வேணாம்” என்றாள் நிவேதா. அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்ன நடந்தது என்று அவள் சொல்லி முடித்தபோது அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். ஊசி போட்ட நாட்களில்கூட அந்த முகம் அப்படி வாடியதில்லை. தான் எந்தக் கல்லாவின் முன்னால் நின்றாரோ, அதே இடத்தில் மகளும் போய் நின்றுவிட்டாள் என்பதுதான் அவர் துயரம். தான் இருக்கும்போதே இப்படியென்றால் போன பிறகு என்னாகும் என்பது அதைவிடப் பெரிய துயரம்.

மாமா கடையைப் பாதியில் அடைத்துவிட்டு ஓடி வந்தார். “பயந்துட்டேன்மா. கேட்டது ஒரு தப்பா?” என்றார். பாவம், அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். “உக்காருங்க. கல்யாணமாகி இத்தன வருஷத்துல உங்ககிட்ட சொல்லாத ஒண்ணு சொல்றேன்” என்று ஜாமெட்ரி பாக்ஸ் கதையைச் சொன்னார். எனக்கும் அது அன்றுதான் தெரியும். முதலில் மாமா சிரித்தார், நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

“எங்கப்பா சாகறவரைக்கும் என்ன பத்தி என்ன நெனச்சாரு தெரியுமா? எல்லாத்தையும் தொலைக்கிறவ, பொறுப்பில்லாதவன்னு. அவர் மேல எனக்குக் கொள்ளப் பிரியங்க. ஆனா அவர்கிட்ட நான் பேசினதுல பாதி பொய். அவரு கேட்டுட்டே இருந்தாரு, நான் பொய் சொல்லிட்டே இருந்தேன். எதுக்கு எதுக்குன்னு கேட்டே, பெத்த பொண்ண தெரிஞ்சிக்காம போயிட்டாரு” என்றார். நாங்கள் சிரிப்பதை எப்போது நிறுத்தினோம் என்று எனக்கு நினைவில்லை.

“அதுக்குன்னு அவ எங்க போறா, இன்னா வாங்குறான்னு எனக்குத் தெரிய வேணாமா? காலம் எப்டி கீது பாரு” என்றார் மாமா. ஒரு தகப்பனின் பயம் அது, பொய்யில்லை.

“தெரியணுங்க. அவளா சொல்லித் தெரியணும். அதுக்குக் கொஞ்சம் நாளாவும், பொறுத்துக்கணும். நான் போனப்புறம் அவளுக்கு நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்டயும் அவ பொய் சொல்லப் பழகிட்டா அப்புறம் அவளுக்கு யாரு இருக்கா?”

மாமா போனை வெளியே எடுத்தார். சற்று நேரம் அதைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு மகள் இருந்த அறை வாசலில் போய் நின்றுகொண்டு, “பாப்பா, இத எப்டி எடுக்கறதுன்னு அப்பாவுக்குத் தெரியல. நீயே எடுத்துடு” என்று போனை நீட்டினார். அடுத்த மாதம் மொய்க் கவரில் பணம் வைத்து அவரே மகளிடம் கொடுத்தார். அக்கா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அக்கா நிறைய நாள் இருக்கவில்லை. கடைசி நாட்களில் வலி இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மனசில் பாரமில்லாமல் போனார் என்றுதான் நம்புகிறேன்.

காரியம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு வீட்டில் அப்பாவும் பெண்ணும் மட்டும். மாமா கவரை ஒரு மாதமும் தவறவிடவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் அது அவருக்கு எவ்வளவு பெரிய விரதம் என்று எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் என்னை போனில் பிடித்துக்கொள்வார். “ஏம்மா, பாப்பா பெரிய பையா ஒண்ணு எடுத்தாந்துகீது. உள்ள இன்னான்னு நைசா கேட்டு சொல்லேன்.” “உங்க விரதத்த நான் முறிக்கணுமா மாமா?” என்பேன். “ஒரு வார்த்தம்மா…” “வேணாம் மாமா.” அந்தப் பையில் என்ன இருந்தது என்று இன்று வரை எனக்கும் தெரியாது.

உள்ளபடி சொன்னால் எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. நிவேதா கவரை வாங்கிக்கொள்வாள், “தேங்க்ஸ்ப்பா” என்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள். மாதங்கள் போயின. அவளாகச் சொல்வாள் என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்காமல் விட்டால் பிள்ளை வாய் திறக்கும் என்பது அக்காவின் ஆசைதானோ, நடக்கிற காரியமில்லையோ என்று நான் நினைத்ததுண்டு. ஒரு வீட்டில் இரண்டு பேர் இரண்டு தீவாக இருந்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர்களுக்கும், ஊசி குத்த நரம்பு கிடைக்காத நாட்களில் தாங்களும் கண்கலங்கிய நர்ஸ் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பள்ளி அலுவலகத்துத் தோழியர் முறை வைத்துக்கொண்டு மதியச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவர்களுடைய ரசம் நன்றாக இருந்தது என்று அக்காவே ஒப்புக்கொண்டார். எந்த நேரத்திலும் ஆட்டோவோடு வந்து நின்ற பீர்க்கன்கரணைத் தெருக்காரர்களுக்கும், படப்பையிலிருந்து வந்து தங்கிப் பார்த்துக்கொண்ட சித்தப்பா குடும்பத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இந்தக் கட்டுரையில் வருவதையெல்லாம் அச்சில் போடலாமா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நிவேதாவிடம் படித்துக் காட்டிக் கேட்டேன். “எழுது சித்தி. அம்மாவே இருந்தா இதத்தான் போடச் சொல்லுவாங்க” என்றாள்.

கடைசி நன்றி மாமாவுக்கு. அதற்குக் காரணம் போன மழைக்காலத்தில் நடந்தது. பெருங்களத்தூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்று பள்ளிக்கு விடுமுறை. நிவேதா காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். கடையிலிருந்த மாமாவுக்கு அவளே போன் செய்திருக்கிறாள். “அப்பா, வர்றப்போ மெடிக்கல்ல நாப்கின் ஒரு பாக்கெட் வாங்கினு வாப்பா. தீந்துடுச்சு. என்னால எழுந்துக்க முடியல. பெருசா பாத்து வாங்கு.” சொல்லிவிட்டு வைத்துவிட்டாள், பால் பாக்கெட் வாங்கி வரச் சொன்னதுபோல.

மாமா முழங்கால் தண்ணீரில் நடந்து போய் வாங்கியிருக்கிறார். பெருசிலேயே பல வகை இருப்பது தெரியாமல், கடையில் நின்றுகொண்டு மகளிடம் போனில் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, பாப்பா எங்கிட்டயே சொல்லிச்சும்மா. அதுவா சொல்லிச்சு.”

மழைச் சத்தமும் வண்டிகளின் ஹாரனும் மட்டும் கேட்டன. நான் காத்திருந்தேன்.

“உங்கக்காவுக்குப் போன் போட்டு சொல்லலாம்னு நம்பர எடுத்துட்டேம்மா. அப்புறந்தான்… அதான் உனக்குப் போட்டேன்.”

அக்காவுக்கு வந்திருக்க வேண்டிய செய்தி அது. எனக்கு வந்துவிட்டது. என்னிடம் வைத்துக்கொள்ள மனமில்லாமல் அவர் பெயரில் வரும் இந்த மலரில் எழுதிவிட்டேன். அக்கா, நிவேதா அவ அப்பாகிட்ட சொல்லிட்டா.